உருளைக்கிழங்குமேல் வீண்பழி

வயிறு உப்பினால் நம் வீடுகளில் முதலில் விலக்கிவைக்கப்படுவது உருளைக்கிழங்கு. அடுத்து வாழைக்காய், அதற்கடுத்து கத்தரிக்காய். மூன்றும் 'வாயு' என்று தள்ளிவிட்டு, கையோடு நாலு பல் பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிப்போம். சாதாரண வயிறு உள்ளவருக்கு இதனால் கெடுதல் எதுவும் இல்லை. எரிச்சல் குடல் நோய் உள்ளவருக்குத்தான் கணக்கு தலைகீழாகிறது. குடலைக் கிளப்பிவிடும் சர்க்கரைகள் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய இல்லை, பூண்டிலோ எக்கச்சக்கம். பூண்டுப் பாலில் அவற்றோடு பாலின் லாக்டோஸும் சேர்ந்துகொள்கிறது. மருந்தென்று இரவில் குடித்ததுதான் விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது. பழி மட்டும் முந்தின நாள் பொரியலுக்குப் போகிறது.

உங்கள் வயிற்றுக்கு எந்தக் காய், எந்தப் பழம், எந்த அளவில் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க உதவுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. எதையும் வாழ்நாள் முழுக்க ஒதுக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

சமையலறைக்குப் போகுமுன்

உங்களுக்கு இருப்பது எரிச்சல் குடல் நோய்தானா என்பதை மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். 2016-இல் வெளியான ரோம் 4 வரையறைப்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதை ஒட்டி வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டாவது அந்த வலியோடு சேர்ந்து வர வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கோதுமையை நிறுத்துவதாக இருந்தால், அதற்கு முன்பே, கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்தியபின் செய்தால் முடிவு தவறாக வரலாம். ஒரு குழாய் ரத்தத்தில் நூறு உணவுகளின் ஒவ்வாமையைச் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்யும் ஐஜிஜி சோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த நோய்க்கு அவற்றால் பயன் இல்லை.

குடலுக்குள் நடப்பது

சில சர்க்கரைகளைச் சிறுகுடல் முழுதாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சப்படாதது தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். பிறகு பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களின் குடல் நரம்புகள் கூருணர்வு கொண்டவை. மற்றவர் உணராத அதே விரிவு இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. இந்தச் சர்க்கரைகளை ஒன்றாகத் திரட்டி ஃபாட்மேப் என்று 2005-இல் பெயரிட்டவர்கள் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும். மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் அன்றிலிருந்து உணவுகளைச் சோதனைக்கூடத்தில் அளந்து பட்டியலிட்டு வருகிறது. 2014-இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வில் 30 நோயாளிகள் மூன்று வாரம் இந்தச் சர்க்கரைகள் குறைந்த உணவைச் சாப்பிட்டார்கள். வழக்கமான உணவைச் சாப்பிட்ட நாட்களோடு ஒப்பிட்டால் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

காய் பழங்களில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது ஃப்ரக்டான். இதை உடைக்கும் நொதி மனிதக் குடலிலேயே கிடையாது. இரண்டாவது, குளுக்கோஸைவிட அதிகமாக இருக்கும் ஃப்ரக்டோஸ். குளுக்கோஸ் துணைக்கு இருந்தால் ஃப்ரக்டோஸ் எளிதாக உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் மெதுவாகத்தான் போகும். மூன்றாவது சார்பிட்டால், மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால்கள். சர்க்கரை இல்லாத சூயிங் கம்மில் சேர்ப்பதும் இவற்றைத்தான்.

நேரக் கணக்கும் முக்கியம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் எம்.ஆர்.ஐ. மூலம் குடலைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். ஃப்ரக்டோஸ் சிறுகுடலில் தண்ணீரைச் சீக்கிரமே சேர்த்துவிடுகிறது. ஃப்ரக்டான் வகையோ பல மணி நேரம் கழித்துப் பெருங்குடலில் வாயுவைக் கூட்டுகிறது. ஆகவே காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட சின்ன வெங்காயச் சட்னி மதியம் இரண்டு மணிக்குத்தான் தன் வேலையைக் காட்டும். அப்போது கையில் இருப்பது மோர் டம்ளர். 'மோர் குடித்தேன், உப்பிவிட்டது' என்பார்கள். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெங்காயமும் பூண்டும்

இவை இரண்டையும் யாரும் காய்கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் 'முருங்கைக்காய் சாம்பார், கோஸ் பொரியல்' என்பார்களே தவிர, அந்தச் சாம்பாரில் கிடந்த பத்துச் சின்ன வெங்காயத்தைச் சொல்ல மாட்டார்கள். நூறு கிராம் பச்சைப் பூண்டில் 9 முதல் 17 கிராம் வரை ஃப்ரக்டான் இருக்கிறது. வெங்காயத்தில் வகைக்கு ஏற்ப 1 முதல் 7 கிராம் வரை. ஒரு நாளில் நாம் சாப்பிடும் வெங்காயத்தைக் கூட்டிப் பாருங்கள்: காலைச் சட்னி, மதியம் குழம்பு, பொரியலில் தாளித்தது, ராத்திரி ஊத்தப்பம். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. சீலியாக் இல்லாமலேயே கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிய 59 பேருக்கு ஃப்ரக்டானையும் குளூட்டனையும் தனித்தனியாக, எது என்று அடையாளம் தெரியாமல் கொடுத்தார்கள். உப்புசத்தைக் கிளப்பியது ஃப்ரக்டான்தான். சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் கூடவே வைத்த வெங்காயக் குருமாவையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

'வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்கிறேன்' என்பது பலர் செய்யும் சமாதானம். அது உதவாது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். கொதித்த குழம்பில் ஏற்கெனவே இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. நமக்கு வழி அங்கேதான் இருக்கிறது. நல்லெண்ணெய் காய்ந்ததும் பூண்டுப் பற்களை முழுதாகப் போட்டு, பொன்னிறமாகி வாசம் இறங்கியதும் அரிகரண்டியால் எடுத்துவிடுங்கள். புளித்தண்ணீரோ தக்காளியோ சேர்ப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பூண்டு மணம் குழம்பில் இருக்கும், ஃப்ரக்டான் இருக்காது. இந்த எண்ணெயை மொத்தமாகச் செய்து பாட்டிலில் அடைத்து வெளியே வைக்காதீர்கள். எண்ணெய்க்குள் கிடக்கும் பூண்டில், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் நச்சு உருவாகக்கூடும். அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

வெங்காய ருசிக்கு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும். அடியிலுள்ள வெள்ளைக் குமிழை வெட்டிவிடுங்கள். பெருங்காயத்தைப் பற்றிப் பாட்டிமார்கள் சொன்னது இந்த விஷயத்தில் சரிதான். பூண்டு, வெங்காயத்தின் மணத்தை அவற்றின் சர்க்கரை இல்லாமலே தருவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பதுண்டு. ஒரு சிட்டிகையில் அது பொருட்டல்ல, சீலியாக் உள்ளவர்கள் மட்டும் பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டும்.

இதைச் சோதிக்கப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை. அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை விரதம் என்று பூண்டு வெங்காயம் சேர்க்காமல் சமைக்கும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த நாட்களில் உங்கள் வயிறு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வடை பாயசத்தோடு மூக்குமுட்டச் சாப்பிட்ட அமாவாசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரியவர்களிடம் கேட்டால் மிளகு சீரக ரசம், மோர்க்குழம்பு, பொரித்த கூட்டு, எலுமிச்சை சாதம் என்று இரண்டு வாரத்துக்கான பட்டியல் தானாக வந்துவிடும். பருப்பு போடும் கூட்டில் மட்டும் பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சாப்பாட்டில்தான் சிக்கல். இஞ்சி பூண்டு விழுது இல்லாத குருமாவோ சால்னாவோ ஓட்டலில் கிடையாது. பிரியாணிக்குள் வெங்காயம், பக்கத்தில் தயிர்ப் பச்சடியிலும் வெங்காயம். சிப்ஸ் பாக்கெட்டில் வெங்காயத் தூள் என்று பொடியெழுத்தில் இருக்கும். வெளியூர்ப் பயணத்தில் இட்லி, பொங்கல், தயிர் சாதம், எலுமிச்சை சாதம் என்று இருப்பது நல்லது. இட்லி மாவு புளிக்கும்போது உளுந்தின் வாயு தரும் சர்க்கரைகள் ஓரளவு குறைந்துவிடுகின்றன.

பழக்கடையில்

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போவது நம் வழக்கம். இந்த நோயாளிக்கு அதைவிடப் பொருந்தாத பழம் தேடினாலும் கிடைக்காது. ஆப்பிளிலும் பேரிக்காயிலும் அதிக ஃப்ரக்டோஸ், சார்பிட்டால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. அதே கடையில் ஆரஞ்சோ சாத்துக்குடியோ வாங்கலாம். பப்பாளி, அன்னாசியும் பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும்.

மாம்பழத்தின் குற்றம் ஃப்ரக்டோஸ். இரண்டு துண்டோடு நிறுத்துபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சித்திரை வைகாசியில் யார் இரண்டு துண்டோடு நிறுத்துகிறார்கள்? இமாம்பசந்தை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, அதே பந்தியில் சாம்பாரும் சாப்பிட்டால் ஃப்ரக்டோஸ் ஃப்ரக்டானோடு சேர்ந்துகொள்ளும். தர்பூசணி இன்னும் மோசம். ஃப்ரக்டோஸ், ஃப்ரக்டான், மானிட்டால் மூன்றும் அதில் இருக்கின்றன. சாலையோரத்தில் தட்டு நிறைய வாங்கிச் சாப்பிடும் பழம் என்பதால் அளவும் கைமீறிப்போகும். வெயிலுக்கு வேறு வழி பாருங்கள். சீத்தாப்பழம், பேரீச்சை, உலர்திராட்சை ஆகியவை ஃப்ரக்டான் கூட்டம். மாதுளை முத்துக்கள் ஒரு கைப்பிடி சாப்பிடலாம், முழுப்பழம் வேண்டாம்.

கொய்யாவில் பழுத்ததும் காயும் ஒன்றல்ல. நன்றாகப் பழுத்த கொய்யா சாதுவானது. கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் மிளகாய்த்தூள் தூவித் தரும் கொய்யாக்காயில் ஃப்ரக்டோஸ் அதிகம். கூடவே மிளகாயின் கேப்சைசின் குடல் நரம்பு நுனிகளைத் தூண்டி எரிச்சலையும் வலியையும் கூட்டும். அத்தனை ருசியையும் மறந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. பழமாக வாங்கி உப்பு மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள்.

வாழைப்பழத்தில் கதை திரும்பிவிடுகிறது. கேவண்டிஷ் வகையை, அதாவது நம் பச்சைப்பழத்தை அளந்து பார்த்ததில், கனியக் கனிய ஃப்ரக்டான் கூடுகிறது என்று தெரிந்திருக்கிறது. தோலில் கரும்புள்ளி விழும்வரை காத்திருக்காமல், மஞ்சளாகி இன்னும் கெட்டியாக இருக்கும்போதே சாப்பிடுங்கள். பூவன், ரஸ்தாளி, மலைவாழை ஒவ்வொன்றும் வேறு வேறு. ஒரு வகையைப் பிடித்து ஒரு வாரம் தினம் ஒன்று என்று சாப்பிட்டுப் பார்த்தபின் அடுத்ததுக்குப் போங்கள். சாப்பாடு முடிந்ததும் இரண்டு பழம் என்ற பழக்கம் உள்ளவர்கள் ஒன்றாகக் குறைத்து, அதையும் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இளநீர் வயிற்றுக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அரை டம்ளர்வரை அது உண்மையும்கூட. ஒரு பெரிய இளநீரை ஒரே மூச்சில் குடித்தால் சார்பிட்டாலும் ஃப்ரக்டானும் அளவைத் தாண்டிவிடும். பழச்சாறு எதுவாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. நாலு பழத்தை ஒரு நிமிடத்தில் குடலுக்குள் இறக்கும் வேலை அது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்த நோய்க்குச் சொல்லும் அளவு எளிதாக நினைவில் நிற்கும்: ஒரு வேளைக்குச் சுமார் 80 கிராம், ஒரு நாளில் மூன்று வேளைக்கு மேல் பழம் வேண்டாம். எண்பது கிராம் என்பது ஒரு சிறிய வாழைப்பழம் அல்லது ஒரு சின்னக் கிண்ணம் பப்பாளி. மூன்றையும் ஒரே வேளையில் தின்றுவிட்டுக் கணக்கு சரி என்று சொல்லக் கூடாது.

காய்கறிக் கடையில்

காலிஃபிளவரும் பட்டன் காளானும் மானிட்டால் நிறைந்தவை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு ஒவ்வொரு சர்க்கரையாக, எது என்று நோயாளிக்குத் தெரியாமல் கொடுத்துச் சோதித்தபோது, அதிகம் பேருக்குத் தொந்தரவு தந்தவை ஃப்ரக்டானும் மானிட்டாலும்தான். ஆகவே கோபி 65 சாப்பிட்ட அன்று வயிறு கெட்டால், அந்த ஒரு தட்டில் மானிட்டாலும் பூண்டு விழுதும் பொரித்த எண்ணெயும் இருந்தன என்று நினைத்துக்கொள்ளுங்கள். காளான் பிரியர்களுக்கு ஆறுதல் உண்டு: சிப்பிக்காளானில் இந்தச் சர்க்கரை குறைவு.

பச்சைப் பட்டாணி, மொச்சை, காராமணி இவற்றின் வாயு பற்றி நம் முன்னோர் சொன்னதில் தவறில்லை. கேலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை அவற்றில் உண்டு. அதை உடைக்கும் நொதியும் நம்மிடம் இல்லை. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேகவைத்த தண்ணீரையும் வடித்துவிட்டால் கணிசமாகக் குறையும். துவரம்பருப்புக்கும் இதே முறைதான். சாம்பாரில் பருப்பைப் பாதியாக்கிப் பாருங்கள்.

முட்டைக்கோஸ், வெண்டைக்காய், பீன்ஸ், கத்தரிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றுக்கு அளவு ஒன்றுதான் விதி. அரைக் கிண்ணம்வரை தொல்லையில்லை, இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதில்தான் பிரச்சினை. பீட்ரூட்டில் ஃப்ரக்டான் இருப்பதால் அதைக் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேரட், உருளைக்கிழங்கு, சௌசௌ ஆகியவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். புடலை, பீர்க்கு, சுரை போன்ற நீர்க்காய்களைத் தோல் சீவி, நன்றாக வேகவைத்தால் பெரும்பாலான வயிறுகள் ஏற்றுக்கொள்ளும். உருளைக்கிழங்கை அவித்தோ பொடிமாஸாகவோ சாப்பிட வேண்டும். சிப்ஸாகவோ போண்டாவாகவோ தின்றால் எண்ணெய் குடலைத் தூண்டும். வாழைக்காயில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து இருப்பதால் சிலருக்கு அது உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது.

கீரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'கீரை சாப்பிட்டாலே வயிறு கலக்குகிறது' என்பவர் வீட்டுக் கீரை மசியலில் பாசிப்பருப்பு ஒரு கை, சின்ன வெங்காயம் ஏழெட்டு, பூண்டு நாலு பல் இருக்கும். இவற்றை விட்டுவிட்டு, பெருங்காயமும் தேங்காய்த் துருவலும் மட்டும் சேர்த்து ஒருநாள் கீரைப் பொரியல் செய்து சாப்பிட்டுப் பாருங்கள்.

நார்ச்சத்து வேண்டும் என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டுக்கொள்பவர்கள் அதை நிறுத்திவிடலாம். இந்த நோயில் தவிடு உப்புசத்தைக் கூட்டுகிறது. இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்துதான் உதவும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு மெல்லக் கூட்டுங்கள்.

உங்கள் எதிரியைக் கண்டுபிடிக்கும் முறை

எல்லோரும் ஃபாட்மேப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. ஸ்வீடனில் 75 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து 2015-இல் ஒரு ஒப்பீடு வெளியானது. ஒரு பாதிக்கு ஃபாட்மேப் குறைந்த உணவு. மறு பாதிக்கு வழக்கமான அறிவுரை: வேளாவேளைக்குக் கொஞ்சமாக மென்று சாப்பிடுங்கள், கொழுப்பு, காபி, வெங்காயம், கோஸ், பீன்ஸ் ஆகியவற்றைக் குறையுங்கள் என்று. இரண்டு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குணம் தெரிந்தது. ஆகவே முதல் இரண்டு வாரம் அந்த எளிய வழியை முயலுங்கள். கூடவே ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, தாளித்தது உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள். தொந்தரவு வந்த நேரத்தையும் எழுதுங்கள். அன்றைய தூக்கம், கோபம், தேர்வு, மாதவிலக்கு ஆகியவற்றுக்கும் ஓரத்தில் இடம் விடுங்கள். இந்த நோயில் மூளைக்கும் குடலுக்கும் நெருங்கிய பேச்சுவார்த்தை உண்டு.

அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படி. இரண்டு முதல் ஆறு வாரம்வரை மேலே சொன்ன எல்லாத் தூண்டிகளையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கியதும் ஒன்றொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஃப்ரக்டோஸுக்கு மாம்பழம், மானிட்டாலுக்கு காலிஃபிளவர், ஃப்ரக்டானுக்கு வெங்காயம் என்று வைத்துக்கொள்ளலாம். பூண்டைத் தனியாகச் சோதியுங்கள். வெங்காயத்தைத் தாங்கும் குடல் பூண்டையும் தாங்கும் என்பது நிச்சயமில்லை. முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் அதைவிடக் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. எந்த நாளில் வயிறு எதிர்க்கிறதோ அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு முந்தைய நாளின் அளவுதான் உங்கள் எல்லை. அடுத்த பொருளுக்குப் போகுமுன் இரண்டு மூன்று நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள்.

இந்த இரண்டாம் படியைப் பாதியில் விட்டுவிடுபவர்கள் ஏராளம். நிறுத்தியதில் சுகம் கண்டதும், திரும்பச் சேர்க்கப் பயந்து, வருடக்கணக்கில் அதே நாலு காயோடு வாழ்கிறார்கள். அது தவறு. குடலின் நல்ல பாக்டீரியாக்களான பிஃபிடோபாக்டீரியாவுக்கு ஃப்ரக்டான்தான் தீனி. நெடுநாள் நிறுத்தினால் அவை குறைகின்றன. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் மனநிலையில் இருப்பவர்கள் உணவியல் நிபுணரின் துணையில்லாமல் இந்த இரண்டாம் படியில் இறங்க வேண்டாம்.

ஆறு வாரம் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் எந்த மாற்றமும் தெரியவில்லையென்றால் உங்கள் தொந்தரவுக்குக் காயும் பழமும் காரணமில்லை. பழைய சாப்பாட்டுக்கே திரும்புங்கள், பூண்டு வெங்காயம் உட்பட. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரிடம் போங்கள்.